திரையில் கட்டிய பரிவட்டம்

13 ஜூலை 2009

மறுபடியும் என் நாற்காலியில் பிரபு சார். அவருக்கென்று கண்ணாடி அறை இருக்கிறது, குளிர்சாதனம் இருக்கிறது. ஆனாலும் "டீமோட ஒக்காந்தாதான் ஐடியா வரும்" என்று என் இடத்துக்கு வந்துவிடுகிறார். டீம் என்றால் படம் வரைகிற நானும், புரோகிராம் எழுதுகிற லியாகத் அலியும். கீழே பாத்திரக் கடையில் நாள் முழுக்க அண்டாவைத் தட்டுகிறார்கள். அந்தச் சத்தத்தில் என்ன ஐடியா வருமோ.

பிரச்சினை இதுதான். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக நாங்கள் செய்திருக்கும் 'நாற்றங்கால்' இணையதளத்துக்கு முதல் வாரம் கூட்டம் அலைமோதியது, இப்போது ஈ ஓட்டுகிறது. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத பிள்ளைகளுக்காக வேலங்கரையில் வைத்திருக்கும் மையத்தில் இரண்டு கம்ப்யூட்டரும் சும்மா கிடக்கின்றனவாம். "என்கேஜ்மென்ட் இல்ல ஃபெபி" என்று காலையிலிருந்து புலம்புகிறார். கும்பகோணத்தில் என்கேஜ்மென்ட் என்றால் தட்டு மாற்றிக்கொள்வது. சார் இருந்துவிட்டு வந்த நியூ ஜெர்சியில் வேறு என்னவோ.

நான் போன மாதமே சொன்னேன். பிள்ளைகள் சந்தேகம் கேட்கக் கூசுகிறார்கள். வகுப்பில் எழுந்து நின்றால் சிரிப்பார்கள் என்ற அதே பயம்தான் இங்கேயும். ஆளுக்கு ஒரு புனைபெயர் வைத்தால் கேட்பார்கள். நெல் பெயராக வைக்கலாம், தூயமல்லி, குள்ளக்கார் என்று. விளையாட்டாகவும் இருக்கும். "பேரன்ட்ஸுக்குத் தன் புள்ள பேரைப் பாக்கணும்" என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார்.

15 ஜூலை

கண்டுபிடித்துவிட்டார். போட்டி வைக்க வேண்டுமாம். பதிவு செய்யும்போது பெயர், வகுப்பு, தெரு மூன்றும் கேட்கிறோம். தெரு கேட்டது சான்றிதழைத் தபாலில் அனுப்ப. இப்போது அந்தத் தெருவையே அணியாக்கப் போகிறார். தெருவுக்கு ஓர் அணி, வாராவாரம் முதலிடம், திரையில் கொண்டாட்டம்.

"சார், தெருன்னா என்னன்னு ஒங்களுக்குத் தெரியும்தானே? வேலங்கரை ஒங்க சொந்த ஊரு. ஒங்க சித்தப்பா இடத்துலதான் மையமே நடக்குது."

"நாம ஃபார்ம்ல ஜாதியே கேக்கல ஃபெபி. அதுதான் நம்ம பெருமை. நீங்கதான் எல்லாத்துலயும் அதையே பாக்கறீங்க."

கேட்கவே வேண்டாமே. மேலத்தெரு என்றால் யார், காலனித் தெரு என்றால் யார் என்று டெல்டாவில் கைக்குழந்தை சொல்லும். நான் கல்லூரி விடுதியில் சேர்ந்த அன்று வார்டன் கேட்டது ஒரே கேள்விதான்: "தரங்கம்பாடியில எந்தத் தெரு?" பெயர் ஃபெபி, கையில் பைபிள். அதற்கு மேல் ஜாதியைக் கேட்க அந்த அம்மாவுக்கு வெட்கம். தெருவைக் கேட்பதில் வெட்கமே இல்லை. நான் சொன்னதும் முகம் மாறியதை இன்றைக்கும் மறக்கவில்லை. அறை மாறியதையும்தான்.

இதைச் சாரிடம் சொல்லவில்லை. சொன்னால் "ஸோ சாட்" என்பார். எனக்கு அது வேண்டாம்.

லியாகத் சொன்னார்: "நீங்க ரெண்டு பேரும் சண்ட போட்டு முடிச்சிட்டுச் சொல்லுங்க. யாரு ஜெயிக்கிறாங்களோ அதை எழுதுறேன்."

16 ஜூலை

வரைய மாட்டேன்.

20 ஜூலை

வரைந்துகொண்டிருக்கிறேன். சும்மா இல்லை, அவர் கேட்டதைவிட அழகாக. படட்டும். பட்டால்தான் தெரியும் அவருக்கு.

வெற்றிபெற்ற தெருவுக்கு என்ன போடுவது? கோப்பை, நட்சத்திரம் என்றார் சார். அதெல்லாம் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு. நான் மாலை போட்டேன். தெருவின் பெயர்மேல் மேலிருந்து ஒரு ரோஜா மாலை இறங்கும், பெயரின் தலையில் பட்டுப் பரிவட்டம் தானே சுற்றிக்கொள்ளும், பின்னால் நாதஸ்வரம். கோயில் திருவிழாவில் முதல் மரியாதை தருகிறார்களே, அதே மாதிரி. நான் லுத்தரன் சபை வீட்டுப் பெண். இதையெல்லாம் கூட்டத்துக்கு வெளியே நின்று பார்த்ததுதான். ஆனால் யாருக்குக் கட்டுகிறார்கள், யாருக்குக் கட்டுவதில்லை என்பது வெளியே நிற்பவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

சார் பார்த்துவிட்டு, "பிரில்லியன்ட். ரொம்ப லோக்கல்" என்றார்.

6 ஆகஸ்ட்

வேலை செய்கிறது. அதுதான் எரிச்சல். எல்லா மையத்திலும் கூட்டம். வேலங்கரையில் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்களாம். சார் நன்கொடையாளர்களுக்கு கூட்டம் ஏறுவதை வரைபடமாகப் போட்டு அனுப்பிக்கொண்டிருக்கிறார். என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஒரு புன்னகை. அந்தப் புன்னகையை அப்படியே பிடித்துக் கீழே பாத்திரக் கடையில் எடைக்குப் போட வேண்டும்.

19 ஆகஸ்ட்

வேலங்கரை போயிருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி வாய்க்கால் கரையோடு நடக்க வேண்டும். சம்பாவுக்கு நாற்று விட்டிருக்கிறார்கள். மையம் என்பது சாரின் சித்தப்பா சிங்காரவேலுவின் பழைய உரக் கிடங்கு. இன்னும் யூரியா வாடை போகவில்லை.

மையத்தைப் பார்த்துக்கொள்கிற வானதிக்கு என்னைப் பிடிக்கவில்லை. கணவர் கத்தாரில், மாமியார் வீட்டில், இந்த வேலை ஒன்றுதான் வெளியே வர அவளுக்குச் சாக்கு. "நீங்க கும்பகோணத்துல ஒக்காந்து வரஞ்சி அனுப்பிடுறீங்க மேடம். சாயந்தரம் ஆனா இங்க புள்ளைங்க நடுவுல நான்ல நிக்கிறேன்" என்றாள்.

காலனித் தெரு அணி கடைசி இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு ஏறியிருந்தது. காரணம் ஒரே ஒரு பெண், கலைமதி. அப்பா மலேசியாவில் கட்டட வேலை. ஒல்லி, காது வரை எண்ணெய், கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவே இல்லை. மற்றவர்கள் விடைக்காக அடித்துக்கொண்டால் இவள் விடை ஏன் அப்படி வந்தது என்று கேட்கிறாள். எங்கள் தளத்தில் பிள்ளைகள் கேள்வி எழுதிப் போடும் சந்தேகப் பெட்டிக்கு வருகிற ஒழுங்கான கேள்விகள் அத்தனையும் இவளுடையவை என்று அப்போதுதான் தெரிந்தது. அவளுக்குப் பின்னால் நின்ற ஒரு பெண் வேண்டுமென்றே நாற்காலியை உதைத்துக்கொண்டே இருந்தாள். கலைமதி திரும்பவில்லை. உதைத்தது யார் என்று வானதியிடம் கேட்டேன். சிங்காரவேலுவின் பேத்தியாம்.

"அடுத்த வாரம் நாங்கதான் மொதல், அக்கா" என்றாள் கலைமதி, நான் கிளம்பும்போது. வந்தால் ஊர் சும்மா இருக்குமா என்று தோன்றியது. ஆனாலும் ஒன்றும் சொல்லாமல் வந்தேன். ஏன் சொல்லவில்லை? சார் தோற்பதைப் பார்க்க அவ்வளவு ஆசையா எனக்கு?

29 ஆகஸ்ட்

காலனித் தெரு முதலிடம்.

31 ஆகஸ்ட்

வானதி காலையிலேயே போன் செய்தாள். சனிக்கிழமை சாயந்தரம் மையத்தில் எல்லாரும் இருந்த நேரம். பிள்ளைகள் ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டி வைத்திருக்கிறார்கள். நாதஸ்வரம் வாசலைத் தாண்டித் தெரு வரைக்கும் கேட்டிருக்கிறது. என்ன விசேஷம் என்று உள்ளே வந்த சிங்காரவேலு, தன் இடத்தில், தன் குடும்பம் மட்டுமே மாரியம்மன் கோயிலில் வாங்குகிற பரிவட்டம் காலனித் தெருவின் தலையில் சுற்றிக்கொள்வதைப் பார்த்திருக்கிறார். பிளக்கைப் பிடுங்கிப்போட்டு, எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் பேசவில்லை. மற்றவர்கள் பேசிவிட்டார்கள். கலைமதியை மதகடியில் நான்கு பையன்கள் வழிமறித்து, "பரிவட்டம் கட்டிக்கிறியா?" என்று தாவணியை உருவித் தலையில் சுற்றியிருக்கிறார்கள். புத்தகப் பையை வாய்க்காலில் போட்டிருக்கிறார்கள். இப்போது அவள் பள்ளிக்கூடமே போகவில்லை.

"ஒங்க படத்த நீங்களே வந்து பாத்துக்கங்க மேடம்" என்று போனை வைத்துவிட்டாள்.

2 செப்டம்பர்

மீட்டிங். சார் முகம் செத்துப்போயிருந்தது. ஒரு நிமிஷம் பாவமாகத்தான் இருந்தது. பிறகு வாயைத் திறந்தார். சித்தப்பாவிடம் பேசிவிட்டாராம். மையத்தைத் திறக்கச் சம்மதம், ஆனால் காலனிப் பிள்ளைகள் ஆறு மணிக்கு மேல்தான் வர வேண்டும். அதற்கு நாங்கள் இணையதளத்தில் 'நேர ஒதுக்கீடு' என்று ஒரு வசதி செய்ய வேண்டுமாம். தெருவை வைத்துத் தானாகவே நேரம் பிரிந்துவிடும். "இதுல யாரும் யாரையும் ஒண்ணும் சொன்ன மாதிரி இருக்காது. சிஸ்டமே பண்ணிடும்."

நான் கத்தினேன். எழுதவே கூசுகிறது, அப்படிக் கத்தினேன். அண்டா தட்டுவதைக்கூட நிறுத்திவிட்டார்கள். "மிஷின வெச்சு டீக்கடையில ரெண்டு டம்ளர் வெக்கச் சொல்றீங்களா சார்? ஜாதி கேக்கலங்கிறது பெருமைன்னீங்களே. இப்ப கேக்காமலே பிரிச்சுக் குடுக்கணுமா?"

அவர் கத்தவில்லை. மெதுவாகக் கேட்டார்: "தெரு என் ஐடியா. ஒத்துக்கறேன். பரிவட்டம் யாரு ஐடியா ஃபெபி?"

3 செப்டம்பர்

தூங்கவில்லை. அந்த ஆள் சொல்வதெல்லாம் தப்பு, இது ஒன்றைத் தவிர.

அழகாக இருக்கும் என்று வரைந்தேனா, கொளுத்திப்போடுவோம் என்று வரைந்தேனா? கொளுத்தத்தான். சார்மேல் இருந்த கோபம். வார்டன்மேல் இருந்த கோபம். நெருப்பு யார் கூரையில் விழும் என்று யோசித்தேனா? நான் உட்கார்ந்திருப்பது கும்பகோணத்தில். கூரை அவளுடையது.

8 செப்டம்பர்

கலைமதி வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா அம்சம் நடவு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வா என்று சொல்லவில்லை. சொல்லுவார் என்று எதிர்பார்த்துப் போகவும் இல்லை.

"மன்னிப்புக் கேக்க வந்தேங்க."

"கேட்டு? அத வெச்சு நான் என்னம்மா பண்றது?" சேலையை இடுப்பில் ஏற்றிச் செருகிக்கொண்டே பேசினார். "மொத எடம் குடுன்னு யாரு ஒன்னக் கேட்டா? புள்ள பத்தாவது பாஸ் பண்ணணும்னு அனுப்புனேன். மால போடுன்னு அனுப்புல. ஒங்க ஆட்டத்துக்கு எம் புள்ளதான் கெடச்சாளா?"

கலைமதி கதவுக்குப் பின்னால் நிற்பது தெரிந்தது. வெளியே வரவில்லை.

நான் திரும்பியபோது அம்சம் சொன்னார்: "இன்னாரு படிக்கிறான்னு ஒரு பயலுக்குத் தெரியாம படிக்க வழி இருந்தா சொல்லு. அனுப்புறேன். இல்லன்னா இந்தப் பக்கம் வராத."

பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது. பக்கத்தில் வெற்றிலைக் கவுளிக் கூடையோடு உட்கார்ந்திருந்தவர் ஜன்னல் பக்கம் மாறி உட்காரச் சொன்னார்.

11 செப்டம்பர்

சாரிடம் மூன்றே விஷயம் சொன்னேன், கத்தாமல். தெரு போக வேண்டும். பெயர் போக வேண்டும். போட்டி போக வேண்டும். முடியாது என்றால் அடுத்த வாரம் நன்கொடையாளர்கள் வரும்போது இந்த நேர ஒதுக்கீட்டை நானே எழுந்து விளக்கிச் சொல்லுவேன்.

"மிரட்டுறீங்களா?"

"ஆமா சார்."

ஒத்துக்கொண்டார். நன்கொடையாளர் கூட்டத்துக்கு நான் வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். நிம்மதி. அங்கே தருகிற வடையும் நன்றாக இருக்காது.

லியாகத் வேறெதுவும் கேட்காமல் இன்று மதியமே எழுத ஆரம்பித்தார். "யாரு ஜெயிச்சா?" என்று மட்டும் கேட்டார். தெரியவில்லை என்றேன்.

18 செப்டம்பர்

புதிய முறை. பிள்ளைகளுக்குப் பெயரே கிடையாது. நெல் பெயர்களைச் சீட்டில் எழுதி மடித்து ஒரு தூக்குவாளியில் போட்டுக் குலுக்கி, ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்ததை யாரிடமும் காட்டக் கூடாது. ரகசியச் சொல்லை அவரவரே வைத்துக்கொள்ள வேண்டும். எந்தப் பெயர் எந்தப் பிள்ளை என்பது வானதிக்குத் தெரியாது. எங்கள் அலுவலகத்திலும் எங்கேயும் பதிவாகாது.

"நிர்வாகிக்கு மட்டும் தெரியற மாதிரி ஒரு கதவு வெச்சுக்கலாமே, நீங்க பாக்கறதுக்கு?" என்றார் லியாகத்.

வேண்டாம். முக்கியமாக நான் பார்க்கக் கூடாது.

5 அக்டோபர்

கலைமதி வருகிறாளாம். வானதி சொன்னாள், தகவல் சொல்கிற குரலில். மையம் திறந்துவிட்டது. கொட்டும் மாலையும் நின்றதில் சிங்காரவேலுவுக்குத் திருப்தி. அவர் பேத்திக்கும் கணக்கு வராதே. ஆனால் காலனிப் பிள்ளைகள் ஆறு மணிக்கு மேல்தான். அது மாறவில்லை. நாங்கள் திரையில் வைக்க மறுத்ததை அவர் வாசலில் வைத்துவிட்டார். வாசல் அவருடையது. என் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

9 நவம்பர்

மழை. மதியம் வரை கரண்ட் இல்லை. வந்ததும் வேலங்கரை மையத்தின் சந்தேகப் பெட்டியைத் திறந்து படித்தேன். 'மாப்பிள்ளைச் சம்பா' என்ற சீட்டு யாரிடமோ மாட்டி, எல்லாரும் கல்யாணம் எப்போது என்று கேட்டே கொல்கிறார்கள். சிரித்துவிட்டேன். இந்த அலுவலகத்தில் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று.

இன்னொன்றும் கவனித்தேன். 'தூயமல்லி' கணக்குப் பாடத்தில் கேள்வி போட்டுவிட்டுப் போவது ஐந்தரை மணி வாக்கில். 'குள்ளக்கார்' பதில் எழுதுவது ஏழு மணி வாக்கில். ஒரு நாள் இல்லை, தினமும்.

தூயமல்லி: "ஸைன் தீட்டா எதுக்கு இருக்குன்னே புரியல."

குள்ளக்கார்: "தென்னமரத்துல ஏறாம உயரம் கண்டுபிடிக்க. நாளைக்கு உங்க வீட்டு மரத்து நிழல அளந்துட்டு வா. சொல்றேன்."

மறுநாள் தூயமல்லி நிழலை அளந்துகொண்டு வந்திருக்கிறது.

10 நவம்பர்

சார் அதைப் பார்த்துவிட்டார். "பியர் லேர்னிங்! புள்ளைங்களே புள்ளைங்களுக்குச் சொல்லித் தராங்க! யாரு அந்த ரெண்டு பேரும்? வீடியோ எடுப்போம்." தெரியாது என்றேன். நம்பவில்லை. லியாகத்திடம் போய்க் கேட்டுவிட்டு வந்தார். பிறகு சாயந்தரம் வரை என்னோடு பேச்சில்லை. நல்லது.

22 பிப்ரவரி 2010

அறுவடை முடிந்து ஊரே வைக்கோல் வாடை. மையத்துக்குப் போனேன். வானதி காபி வாங்கி வைத்திருந்தாள். இது முதல் தடவை.

கலைமதி ஆறு மணிக்கு வந்தாள். என்னைப் பார்த்துத் தலையசைத்தாள், சிரிக்கவில்லை. நான் வெளியே வந்து நின்றுகொண்டேன். அவள் எந்தப் பெயரில் உள்ளே போகிறாள் என்று என் கண்ணில் பட்டுவிடக் கூடாது.

23 மார்ச்

இன்று பரீட்சை ஆரம்பம். நேற்று குள்ளக்கார் கடைசியாக எழுதியது: "நன்றி எல்லாம் வேணாம் தூயமல்லி. நிழல மட்டும் மறந்துடாத."

27 மே 2010

ரிசல்ட் வந்துவிட்டது. காலையிலேயே அம்சம் யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டார். "பாஸாயிட்டா. பள்ளிக்கூடத்துலயே ரெண்டாவது." அவ்வளவுதான், வைத்துவிட்டார். எனக்கு அது போதும்.

மதியம் சிங்காரவேலு படியேறி வந்தார், பின்னால் வந்த ஆள் தோளில் ஒரு பலாப்பழத்தோடு. நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. நான் நினைத்து வைத்திருந்ததைவிடக் குள்ளம், வயசு அதிகம், மூச்சு வாங்கியது. பேத்தி கணக்கில் தொண்ணூற்றொன்று. அந்தப் பெண்தான் தூயமல்லியாம். இப்போதுதான் வீட்டில் சொல்லியிருக்கிறாள். எனக்கு நாற்காலியை உதைத்த கால் நினைவுக்கு வந்தது.

"கணக்குன்னா அழுவும்மா அது. யாரோ குள்ளக்காராம், வருசம் பூரா சொல்லிக் குடுத்துருக்கு. எங்க தென்னமரத்து நெழல எல்லாம் அளந்துச்சு இந்தப் புள்ள, எனக்கே ஏன்னு வெளங்கல. யாரும்மா அது?"

"தெரியாதுங்க. தெரியாதபடிதான் வெச்சிருக்கோம்."

"டேய் பிரபு, நீயாச்சும் சொல்லேன்டா."

சார் என்னைப் பார்த்தார். லியாகத் திரையைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை.

"பேரு வேணாம்" என்றார் பெரியவர். "எந்தத் தெருப் புள்ளன்னு மட்டும் சொல்லு. அடுத்த வாரம் மாரியம்மனுக்குத் திருவிழா. அந்தப் புள்ளையக் கூப்புட்டு ஒரு பரிவட்டம் கட்டணும்னு மனசுல இருக்கு."

"தெரு நாங்க கேக்கறதில்லீங்க."

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

கலைமதியாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். ஆறு மணிக்கு மேல் வருகிற பிள்ளைகள் பதினைந்து பேராவது இருப்பார்கள். எனக்கு உண்மையிலேயே தெரியாது. தெரிந்திருந்தால் இன்றைக்குச் சொல்லியிருப்பேன். அவர் முகத்துக்கு நேராக, பெயரோடு, தெருவோடு, ஆசை தீரச் சொல்லியிருப்பேன். என் வாய் நிற்காது, அது எனக்குத் தெரியும். பிறகு மதகடியில் யார் நிற்பார்கள் என்பதும் தெரியும்.

பலாப்பழத்தை யார் வெட்டுவது என்று லியாகத்தும் சாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நான்தான் பிரித்தேன். நல்ல பழம். கீழே பாத்திரக் கடைக்கும் ஒரு தட்டு கொடுத்து அனுப்பினோம்.